குண்டூசியும் துண்டுச்சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் பழைய பட்டாம்பூச்சித் தொகுப்புகளைப் பற்றி வந்த கட்டுரை, அவற்றைச் சேகரிக்கவும் பாதுகாக்கவும் பயன்பட்ட கருவிகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டனில் மருந்துக்கடை நடத்தி 1718இல் மறைந்த ஜேம்ஸ் பெட்டிவர், பட்டாம்பூச்சியை இரண்டு காக்காப்பொன் (மைக்கா) தகடுகளுக்கு நடுவே வைத்து, ஓரங்களைக் காகிதத்தால் ஒட்டி மூடினார். சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுனிடமிருந்தும் இயற்கைப் பொருள்களைத் தருவித்துக்கொண்ட அவருடைய பூச்சித் தகடுகள், இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதன் பின் வந்தவர்கள் இரண்டு கழிகளுக்கிடையே சல்லாத் துணியைக் கட்டி, பூச்சி உள்ளே வந்ததும் புத்தகத்தை மூடுவதுபோல் மூடிப் பிடித்தார்கள். வலைக்கு எட்டாத உயரத்தில் பறந்த அலெக்சாண்டிரா ராணிப் பட்டாம்பூச்சியை, சேகரிப்பாளர் ஆல்பர்ட் மீக் 1906இல் நியூகினியில் துப்பாக்கியால் சுட்டே வீழ்த்தினார். உலகிலேயே பெரிய பட்டாம்பூச்சி அறிவியலுக்குக் கிடைத்தது இப்படித்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

பிடித்த பூச்சியைக் கொல்ல, முதலில் நச்சு ஆவி வெளியிடும் லாரல் செடியின் இலைகளை நசுக்கி அடைத்த சீசாவையும், பின்னாளில் சயனைடைப் பாரிஸ் சாந்தால் மூடிய சீசாவையும் பயன்படுத்தினார்கள். பழைய ஆய்வகங்களில் இத்தகைய சீசா கிடைத்தால் யாரும் மூடியைத் திறந்துவிடக் கூடாது. மலாய்த் தீவுகளில் 1854 முதல் 1862 வரை சேகரித்த ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ், பூச்சிகளை உலர்த்தும் பலகையின் கால்களை நீர் நிரப்பிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தி எறும்புகளைத் தடுத்தார். நடுவில் பள்ளம் வெட்டிய தக்கைப் பலகையில் உடலைப் பொருத்தி, சிறகுகளைக் காகிதப் பட்டைகளால் அழுத்தி விரித்துக் காய வைப்பதே எல்லோருடைய வழக்கமுமாக இருந்தது. அதில் குத்தியது பித்தளைக் குண்டூசியாக இருந்தால், பூச்சியின் உடற்கொழுப்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பூக்கும். அது ஆண்டுக்கணக்கில் தடித்து மார்பையே பிளந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் அப்படிப் பிளந்த பூச்சிகளை நானே பசை தொட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஆயினும் இவை எல்லாவற்றிலும் மேலானது, ஊசியின் அடியில் குத்தப்படும், இடமும் நாளும் எழுதிய துண்டுச்சீட்டுதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், 1702 மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் பிடித்த ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி இருக்கிறது. அதன் நிறம் இன்று யாரையும் கவராது. எங்கே, எப்போது பறந்தது என்பது தெரிந்திருப்பதால்தான் அது விலைமதிப்பற்றதாகிறது.

எங்கள் கல்லூரிக்குப் பார்வைக் குழு வரவிருந்த ஓர் ஆண்டில், பூச்சிப் பெட்டிகளுக்குப் புதுத் தாள் ஒட்டச் சொன்னார்கள். பழுப்பேறிய சீட்டுகள் அழுக்காகத் தெரிகின்றன என்று சொல்லி, அவற்றைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் தட்டச்சு செய்து வைக்கவும் உத்தரவிட்டார்கள். எதிர்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லை. கழற்றிய 140 சீட்டுகளையும் தூக்கி எறிய மனமில்லாமல் ஓர் உறையிலிட்டு வைத்தேன். ‘ஏற்காடு, 4,500 அடி, அக்டோபர் 1931’ என்று மங்கிய மையில் எழுதிய சீட்டு அதில் இருக்கிறது. அது எந்தப் பூச்சிக்கு உரியது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

பல கல்லூரிகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிப்பதற்கும் கழித்துக் கட்டுவதற்கும் முன், ஒவ்வொரு பூச்சியையும் அதன் சீட்டோடு படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கல்லூரிக் கல்வி இயக்ககம் உடனடியாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்,
சேலம்.