கடல் எச்சரிக்கையைக் குரலில் தாருங்கள்: செயலி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மீனவர்களுக்கான கடல் வானிலைச் செயலியை நடத்திவரும் அலுவலர்களுக்கும் அதை உருவாக்கும் பொறியாளர்களுக்கும் சென்னை காசிமேட்டிலிருந்து வணக்கம்.

சென்ற வாரம் செயலியின் புதிய பதிப்பு வந்தது. நிறம் மாறியிருக்கிறது, எழுத்துரு மாறியிருக்கிறது, திறந்தவுடன் நாதஸ்வர இசையோடு ஒரு வாழ்த்துப் படமும் விரிகிறது. எச்சரிக்கையைக் குரலில் கேட்கும் வசதி வேண்டுமென்று நாங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுவருவது தாங்கள் அறிந்ததே. அது மட்டும் இந்தப் பதிப்பிலும் இல்லை.

ஃபைபர் படகுகள் தொழிலுக்குப் புறப்படுவது விடிவதற்கு வெகு முன்பே. வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டிருப்பவரின் ஈர விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. என் பெரியப்பாவைப் போலச் சிறு வயதிலேயே கடலுக்குப் போய்விட்டதால் எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே பலர். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஐம்பது வயதுக்காரருக்கும் கண்ணாடியில்லாமல் பொடி எழுத்து தெரிவதில்லை. நீங்கள் அனுப்பும் அறிக்கையோ படமாக மாற்றப்பட்ட ஒரு பக்கம். அதனால் திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசிக்க, கைபேசியிலேயே இருக்கும் டாக்பேக் வசதியும் அதைச் சரியாகப் படித்துச் சொல்வதில்லை. விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்' என்பது கண்ணில் படும். 'இடையிடையே 65' என்பது படாது. படகை இறக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது அந்த விடுபட்ட பாதிதான். படித்த பையன் எவனாவது அந்நேரத்தில் விழித்திருந்தால் அவனை வாசிக்கச் சொல்லிச் சுற்றி நின்று கேட்கிறோம். இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம்.

புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் 1990களின் இறுதியிலேயே, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். கையளவு கைபேசியில் இசையோடு வாழ்த்துச் சொல்லத் தெரிந்த உங்கள் செயலிக்கு, எச்சரிக்கை என்றதும் வாய் அடைத்துப்போவது ஏனென்று எங்களுக்கு விளங்கவில்லை.

கோப்பு பெரிதாகிவிடும் என்று ஒருமுறை பதில் வந்தது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் ஓபஸ் முறையில் பேச்சுக்கு நொடிக்கு 16 கிலோபிட் போதும்; அந்த அளவில் இரண்டு நிமிட அறிவிப்பு ஏறக்குறைய 240 கிலோபைட்தான் வரும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் எல்லாக் கைபேசிகளிலும் அது ஒலிக்கும். ஆனால் பொத்தான் ஒன்றை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். கரையில் சிக்னல் இருக்கும்போதே ஒலி தானாக இறங்கிச் சேமிக்கப்பட வேண்டும், ஏனெனில் கடலுக்குள் சற்றுத் தூரம் போனாலே சிக்னல் அறுந்துவிடும். திரை அணைந்தாலும் குரல் நிற்கக் கூடாது. இடையில் அழைப்பு வந்தால், முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இயன்றால் மனிதர் ஒருவரே வாசிக்கட்டும், எங்கள் கரைக்கான எச்சரிக்கையை முதலில் சொல்லட்டும்.

குறை சொல்வதற்கென்று நீங்கள் வைத்திருக்கும் பெட்டியிலும் தட்டச்சு செய்துதான் எழுத வேண்டியிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். படிக்க முடியவில்லை என்பதை எழுதித்தான் தெரிவிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை யோசித்தவரை நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றபோதே இந்த வசதியைச் செய்து, எங்களிடம் கொடுத்துச் சோதித்தும் பார்த்திருக்கலாம்.

சொற்களில் கடுமை தெரிந்தால் பொறுத்தருள வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எச்சரிக்கைகளைக் குரலில் கேட்கும் வசதியைச் செயலியில் சேர்த்துத் தருமாறும், எந்தத் தேதிக்குள் தருவீர்கள் என்பதை எங்கள் ஊர்க் கூட்டத்துக்குத் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டு ஃபைபர் படகுக் குடும்பங்களின் சார்பில் ஒருவர்