தேடினால் கிடைக்காத தமிழ்ப் பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடைக்காரர்கள், கோயில் நிர்வாகங்கள், நூலகங்கள், சிற்றிதழ் நடத்துபவர்கள் எனப் பலரும் இன்று தமிழில் இணையதளம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோரின் குறை ஒன்றுதான்: கூகுளில் தேடினால் தங்கள் தளம் வருவதில்லை. உடனே அவர்கள் போய் நிற்பது, ‘ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களிடம். தமிழ்த் தளங்களுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. ஆங்கிலத் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் முறை) பாடங்களில் அவை வருவதில்லை. காசு செலவழிக்காமல் தாங்களே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய அவற்றை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு சோதனை. கூகுள் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைக் கொடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் தளம் பெரும்பாலும் கூகுளின் பட்டியலிலேயே ஏறவில்லை. முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த தளமென்றால் செட்டிங்ஸ் பகுதியில் ‘ரீடிங்’ என்பதைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் சிறு கட்டம் ஒன்று இருக்கும். தளம் கட்டும்போது அதில் டிக் போட்டுவிட்டு, திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிடுகிறார்கள். தேடுபொறிகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ‘ரோபோட்ஸ்’ கோப்பையும் பாருங்கள். எல்லா தேடுபொறிகளுக்கும் பொதுவான பகுதியில் ‘டிஸ்அலோ’ என்ற சொல்லுக்குப் பின் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால், முழுத் தளத்துக்கும் பூட்டுப் போட்டதாகப் பொருள்.

பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே தமிழ்தானா என்று பார்க்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தேடுபொறி படிப்பது உள்ளே இருப்பதை. எழுத்துரு வரைந்து காட்டும் உருவத்தை அல்ல. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வலையேற்றிய பக்கங்கள், முக்கியமாகப் பிடிஎஃப் கோப்புகள், இன்னும் ஏராளம். சோதிக்க அரை நிமிடம் போதும். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கிலக் குப்பையாக வந்தால் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இதைச் செய்யும். பக்கத்தின் பழைய எழுத்துமுறை பாமினியா, டிஸ்கியா, டேபா, வானவில்லா என்பதைச் சரியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் முன்கூட்டியே தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அவையும் தமிழ் உளறலாக மாறிவிடும். மாற்றிய பிறகு பக்கத்தின் முகவரி பழையபடியே இருக்கட்டும்.

அழைப்பிதழ், விலைப்பட்டியல், அறிவிப்பு எல்லாவற்றையும் படமாக ஏற்றும் வழக்கமும் இதே வகைக் கோளாறுதான். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தரும். பிழை திருத்திப் படத்துக்குக் கீழே எழுத்தாகவே போடுங்கள்.

ஒருங்குறிக்கு மாற்றிய பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிழை தங்கிவிடும். எங்கள் மதிப்பில் தமிழ் இணையத்தின் மிகப் பெரிய பிழை இதுதான். ‘அவர்’ என்பதில் வருவது ரகர மெய். பழைய எழுத்துருக்களில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலை (‘ா’) போட்டு, அதன் தலையில் புள்ளி வைக்கும் பழக்கம் இருந்தது. அது அப்படியே ஒருங்குறிக்கும் வந்து ‘அவா்’ ஆகிவிட்டது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். அதேபோல ‘கௌரி’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள். ககர உயிர்மெய் வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்றையும், எகரத்துக்குத் தமிழ் எண் ஏழையும் போடுவதும் நடக்கிறது. சில பிழைகளைத் தேடுபொறி ஊகித்துச் சரிசெய்யலாம். அதை நம்பி இருக்க முடியாது. உங்கள் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியோ ஊகிக்கவே ஊகிக்காது. பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் எஃப் அழுத்தி, ‘ர்’ என்று தட்டுங்கள். கண்ணெதிரே பத்து ‘ர்’ இருந்தும் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால் புரிந்துவிடும். தரவுத்தளத்தில் துணைக்கால்–புள்ளி இணையைத் தேடி ‘ர்’ என்று ஒரே தடவையில் மாற்றிவிடலாம். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி வரும் சொல் கிடையாது. ஆனால் ‘கெள’ விஷயத்தில் அந்த அவசரம் கூடாது. ‘கெளிறு’, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ எல்லாம் முறையான சொற்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது பக்க முகவரி. ஒருங்குறித் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முகவரியில் ஏறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு என்பதால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரித் துண்டுக்குத் தருவது 200 இடம். ‘மதுரை மல்லிகைப் பூ மொத்த விற்பனை’ என்று தலைப்பிட்டால் ‘மொத்த’ வரைக்குமே 192 இடம் தீர்ந்துவிடும். ‘விற்பனை’ முகவரியில் ஏறாது. இன்னும் நீண்ட தலைப்புகளில் சொல்லின் நடுவே வெட்டு விழுந்து, புள்ளி இழந்த அரைச்சொல் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகள் பல வரிக்கு நீளும். பெறுபவர் ஏதோ மோசடி இணைப்பு என்று நினைத்து அழித்துவிடுவார். தமிழ் முகவரி தவறல்ல, தேடுபொறிக்கு அது புரியும். என்றாலும் ‘மதுரை மல்லிகை’ என்று ஆங்கில எழுத்தில், நடுவே சிறுகோடிட்டு, வெளியிடும் முன்பே கையால் தட்டிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 வகைத் (நிரந்தரத்) திருப்பிவிடல் போட்டு, ஓராண்டாவது எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

தலைப்பு எழுதுவதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்று உருமாறுகின்றன. ‘கோவையிலுள்ள எங்கள் விற்பனையகத்தில்’ என்று அழகாக எழுதுகிறோம். தேடுபவர் தட்டுவது ‘கோவை சேலை கடை’. ஒற்று போடுவதில்லை, உருபு போடுவதில்லை. அதற்காக நாமும் ஒற்றை விட்டு எழுத வேண்டியதில்லை. ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் உருபு ஏறாத வடிவில் தலைப்பின் முதல் நான்கைந்து சொற்களுக்குள் வந்துவிட்டால் போதும். கூகுள் தலைப்பை அகலம் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆகவே கடைப்பெயர் கடைசியில் வரட்டும். ‘முகப்பு’, ‘நல்வரவு’ என்பவற்றை யாரும் தேடுவதில்லை. சேலை என்பாரும் உண்டு, புடவை என்பாரும் உண்டு. உள்ளே இரண்டு சொல்லும் இயல்பாக வரட்டும். பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட்ஸ் என்ற மெட்டா குறிச்சொல்லில் நூறு சொற்களை அடைப்பது வீண்வேலை. வலைத்தேடலில் அதைக் கணக்கில் கொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

உங்கள் வாடிக்கையாளர்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்பதை ஊகிக்கவும் வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். தளம் எந்தெந்தத் தேடல்களில் தலைகாட்டியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று 16 மாதக் கணக்கை அது காட்டும். தமிழ் எழுத்தில் எத்தனை, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவை எத்தனை என்பதையும் அதில் பார்க்கலாம். சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களை முதலில் கவனியுங்கள். அந்தப் பக்கங்களில் தகவலைக் கொஞ்சம் கூட்டினாலே முன்னேற வாய்ப்பு அதிகம். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் காட்டும் தளவரைபடத்தையும் அங்கேயே சமர்ப்பிக்கலாம்; வேர்ட்பிரஸ் 5.5 முதல் அதைத் தானாகவே உருவாக்கித் தருகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் குற்றவாளி படங்கள்தான். கைபேசியில் எடுத்த 4, 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல்.

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரிய 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகளை விலைக்கு வாங்கித் தருகிறோம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்; அது கூகுளின் விதிமீறல், தளம் தண்டிக்கப்படலாம். யாரை வேலைக்கு அமர்த்தினாலும் டொமைன் பெயரும் சர்ச் கன்சோல் உரிமையும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள், ஆளை மாற்றும்போது தளத்தையே இழக்கிறார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ் நாளிதழ்களின் இணையப் பக்கங்களிலும் ‘அவா்’, ‘தமிழா்’ வகைப் பிழை பரவலாக இருக்கிறது. அவற்றைப் பார்த்து, நகலெடுத்து ஒட்டும் ஆயிரக்கணக்கான தளங்களுக்கும் அது தொற்றுகிறது. செய்தியைப் பதிப்பிக்கும் மென்பொருளில், வெளியிடும் கணத்தில் அந்தத் துணைக்கால்–புள்ளி இணையை ‘ர்’ என்று மாற்றும் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும். அது ஒருநாள் வேலைகூட இல்லை. பழைய செய்திகளுக்கும் அதே விதியை ஓடவிட்டால் உங்கள் பல்லாண்டுக் காப்பகம் தேடுபவர் கைக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
தமிழ் இணையதளப் பராமரிப்பில் உள்ளவர்கள் சிலர்,
மதுரை.