பத்துப் பல் மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கோரி

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: என் காருக்குச் சேராத ஸ்டார்ட்டர் மோட்டாரை விற்றது, தேவையில்லாமல் பேட்டரி மாற்றியது, போனில் மரியாதையில்லாமல் பேசியது – பணத்தைத் திரும்பக் கேட்டு.

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்குக்கும் இரண்டே நாளில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. கூடவே எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும். தீர்த்தது யார், எதைத் தீர்த்தார் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். இதையாவது யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

நான் சண்டைக்காரி இல்லை. ஐந்து வருடமாக உங்கள் காரைத்தான் ஓட்டுகிறேன், என் தங்கைக்கும் உங்கள் காரைத்தான் வாங்கச் சொன்னேன். ஜூன் 2 முதல் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல்லில் பள்ளிச் சீருடை தைக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். ஜூன் மாதம் எங்களுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று சொல்லத் தேவையில்லை. அன்று ஒரு பள்ளியில் உடுப்பை இறக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. டேஷ்போர்டு விளக்கு மங்கவில்லை, ஹாரன் கணீரென்று அடித்தது. வாட்ச்மேனும் இரண்டு வேன் டிரைவர்களும் தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு வண்டியைக் கிளப்பினேன். கைப்பிடி போட்டுச் சுற்றும்போது அது திருப்பி அடித்து ஆட்கள் கையை ஒடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் 1912-லேயே காடிலாக் காரில் செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார், வைத்தார்கள். நூறு வருடம் தாண்டியும் நான் பள்ளிக்கூட வாசலில் ஆள் விட்டுத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன், அதுவும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க.

ஜூன் 4 அன்று சேலத்தில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே போனதும் வழக்கம்போல நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆனது. சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறக்கவே இல்லை. "அஞ்சு வருஷம் ஆச்சுல்ல மேடம், பேட்டரிதான் வீக்" என்றார். பேட்டரி வீக் என்றால் டக்டக்டக்டக் என்று விடாமல் அடிக்கும், விளக்கும் மங்கும். ஒரே ஒரு டக் என்றால் கதை வேறு. நாமக்கல்லில் கிளீனர் பையனுக்குக்கூட இது தெரியும். அன்று எனக்கு அவசரம். சரி, கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா என்று 6,150 ரூபாய் கட்டினேன். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்ச் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். அது நல்ல பேட்டரி என்று நிரூபிக்க இப்போது என் கையில் அது இல்லை.

இரண்டே நாள். ஈரோடு கனி மார்க்கெட் வாசலில், பின் சீட் முழுக்கத் துணிக்கட்டு, வெயில், புதுப் பேட்டரி, அதே டக்.

போனில் பேசியவரைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத ஓடாது. ஜூன் 11 காலை 10.40-க்கு உங்கள் கஸ்டமர் கேரிலிருந்து ஒருவர் பேசினார். நீங்கள் கொடுத்த மோட்டார் என் வண்டிக்குச் சேராது, பினியனில் (மோட்டார் நுனியில் இருக்கும் சின்னப் பல் சக்கரம்) ஒரு பல் கூடுதல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடுவிலேயே குறுக்கிட்டு, "மேடம், வீட்டுல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். என் அப்பாவிடம். அவருக்கு 74 வயது, காது பாதிதான் கேட்கும். அவர் உரக்க, "அது பத்துப் பல்லு தம்பி, எங்க வண்டிக்கு ஒம்பது" என்றார். நான் சொன்ன அதே சொல். உடனே அந்தப் பக்கம், "ஓகே சார், நீங்க சொல்றது கரெக்ட் சார், மோட்டாரை எடுத்துட்டு வாங்க சார், மாத்திக் கொடுத்துருவோம்" என்று பதில். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன், கட்டிங் மேசையில் இருந்த பெண்களும் கேட்டார்கள். இந்தப் பேச்சு உங்களிடம் பதிவாகி இருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் நாற்பது வருடம் லாரிகளுக்கு டைனமோவும் செல்ஃபும் பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கார்பன் தூளிலும் வார்னிஷ் வாசத்திலும் வீட்டுப்பாடம் எழுதியவள். இப்போது அவருக்குக் கை நடுங்கும். அதனால் ஜூன் 7 அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், நான் மல்டிமீட்டரை எடுத்தேன்.

பேட்டரி 12.6 வோல்ட். என் தங்கை சாவியைத் திருப்பினாள், டக் என்றது, மீட்டர் 12.4-ல் நின்றது. மோட்டார் ஒழுங்காகச் சுற்றினால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வோல்ட் பத்து, பதினொன்றுக்கு இறங்கும். இறங்கவே இல்லை என்றால் மோட்டார் கரண்டே எடுக்கவில்லை என்று அர்த்தம். எர்த் ஒயரைப் பார்த்தோம், சுத்தம். சாவியிலிருந்து வரும் சின்ன ஒயரில் 12 வோல்ட் வந்தது. "சொலினாய்டுக்கு அந்தப் பக்கம் வை சாமி" என்றார் அப்பா. சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் சொலினாய்டு. அதிலிருந்து மோட்டாருக்குப் போகும் நட்டில் மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பினால் அங்கேயும் 12 வோல்ட். அப்படியானால் சொலினாய்டும் நல்லது, உள்ளே சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் கட்டைதான் தொடவில்லை. வீல் ஸ்பேனர் பிடியால் மோட்டார் உடம்பில் மெதுவாக இரண்டு தட்டு தட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மொத்தம் இருபது நிமிடம். இதை உங்கள் ஆள் ஜூன் 4 அன்று செய்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அப்பா கார்பன் மட்டும் மாற்றினால் போதும் என்றார். நான்தான் கேட்கவில்லை. புது மோட்டாரே போட்டுவிடலாம், சீசன் நேரத்தில் மறுபடி படுத்தால் தாங்காது என்று ஜூன் 10 அன்று பஸ் ஏறிச் சேலம் போய், உங்கள் பார்ட்ஸ் கவுன்ட்டரில் ஆர்.சி. நகல் கொடுத்து, 8,420 ரூபாய்க்கு முழு மோட்டார் வாங்கினேன். பில்லில் என் வண்டியின் சேசிஸ் எண்ணே அச்சாகி இருக்கிறது. என் மாடலில் இரண்டு வகை மோட்டார் வருவது வண்டியைச் செய்த உங்களுக்கா தெரியாது? சேசிஸ் எண்ணைத் தட்டினால் எது என்று கம்ப்யூட்டர் காட்டாதா?

வீட்டில் பழைய மோட்டாரைக் கழற்றினேன். பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்து, ஜாக்கியை நம்பாமல் அடியில் ஸ்டெப்னியையும் படுக்க வைத்து, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து ஓரம் வைத்து. அந்த மேல் போல்ட்டை நீங்கள் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு ஸ்பேனர் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. என் மூன்று விரல் முட்டியிலும் தோல் போனது. கழற்றிய மோட்டாரையும் புதியதையும் செய்தித்தாள் விரித்து அக்கம்பக்கமாக வைத்தேன். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அப்பா மட்டும் குனிந்து பல்லை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பழையது ஒன்பது. புதியது பத்து. இன்னொரு முறை எண்ணச் சொன்னார்.

அந்தப் பத்தை மாட்டியிருந்தால் மோட்டார் பிடித்துச் சுற்றும் என்ஜின் பல் சக்கரமான பிளைவீல் ரிங் கியரைக் கடித்து வைத்திருக்கும். ரிங் கியர் மாற்ற கியர்பாக்ஸ் இறக்க வேண்டும். அந்தச் செலவை யார் கொடுத்திருப்பார்கள்? நீங்களா? "வெளியில் மாட்டியதற்கு வாரண்டி கிடையாது" என்றிருப்பீர்கள்.

சரி, ஜூன் 13. இந்த ஒரு நாளை என்னால் மறக்க முடியாது. போனில் "எடுத்துட்டு வாங்க" என்று அப்பாவிடம் சொன்ன வாக்கை நம்பி, மோட்டாரைக் கட்டைப்பையில் போட்டு, கனம் தாங்காமல் காது அறுந்த பையைத் துப்பட்டாவால் கட்டித் தூக்கிக்கொண்டு மறுபடி சேலம் போனேன். 12.50-க்குக் கவுன்ட்டரில் நின்றேன். "ஒரு மணிக்கு லஞ்ச் மேடம், மூணு மணிக்கு வாங்க" என்றார். பத்து நிமிடம் இருக்கிறதே என்றேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். மூன்று மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். 3.20-க்கு வந்தவர் அட்டைப்பெட்டியைத் தொடக்கூட இல்லை. சுவரில் இருக்கும் போர்டைக் காட்டினார்: எலெக்ட்ரிக்கல் பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம், மாட்டிப் பாருங்க" என்று ஒரு யோசனையும் சொன்னார். போனில் சொன்னார்களே என்றேன். "அது சென்னை ஆபீஸ், எங்களுக்குத் தெரியாது." ஆறு மணி பஸ்ஸில் அதே பையோடு திரும்பினேன். பக்கத்து சீட்டு அம்மா குக்கரா என்று கேட்டார்.

போர்டு இருப்பது உங்கள் சுவரில். என் பில்லில் அப்படி ஒரு வரி கிடையாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ நானும் படித்துப் பார்த்தேன். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாதபோது, 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். வாங்கியது ஜூன் 10, நான் கொண்டுவந்து நின்றது ஜூன் 13. சேராத பொருள் குறையுள்ள பொருள்தானா என்று உங்கள் வக்கீல் கேட்கலாம். கேட்கட்டும், இரண்டு மோட்டாரையும் ஆணையத்தின் மேசையில் வைத்து எண்ணச் சொல்கிறேன்.

மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். உங்கள் கம்பெனி பெரிய கம்பெனி, நல்லவர்களும் இருப்பார்கள், இது அவர்கள் கையில் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி இப்போது ஓடுகிறது. உங்களால் இல்லை. ஜூன் 15 அன்று பழைய மோட்டாரைப் பிரித்தோம். கார்பன் தேய்ந்து பொட்டுக்கடலை அளவுக்கு வந்திருந்தது, ஸ்பிரிங் தள்ளியும் எட்டவில்லை. சேந்தமங்கலம் ரோட்டுக் கடையில் கார்பன் செட் 220 ரூபாய். கார்பன் உரசும் செம்புப் பகுதியான கம்யூடேட்டரைத் தேய்க்க நான் எமரித் தாளை எடுக்க, "அது கரண்டைக் கடத்தும், தூள் இடுக்குல நின்னா ஷார்ட்டு, ஜீரோ நம்பர் சாண்ட் பேப்பர் எடு" என்று அப்பா சத்தம் போட்டார். அவருடைய நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்பிரிங்கை மாட்டினேன். மாட்டுவதற்கு முன் தரையில் காலால் மிதித்துப் பிடித்து ஜம்பர் ஒயரைத் தொட்டேன். மோட்டார் துள்ளிக்கொண்டு சுற்றியது. அன்று இரவு அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். ஆனால் இந்த அலைச்சலில் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

என் நஷ்டம்: மோட்டார் 8,420, பேட்டரி 6,150, பதின்மூன்று நாள் ஆட்டோ 2,300, இரண்டு முறை சேலம் போய்வந்த பஸ் செலவு. 140 செட் சீருடை நேரத்துக்குப் போகாததால் எனக்கு ஏற்பட்ட வியாபார நஷ்டம் ஒரு லட்சம் ரூபாய். (அந்தப் பள்ளி இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொண்டது உண்மைதான், ஆனால் தாளாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் ஆர்டர் வருமா என்பதை நீங்களா சொல்வீர்கள்?) மன உளைச்சலுக்கு இரண்டு லட்சம். அது அதிகம் என்று நினைத்தால் "ஜென்ட்ஸ் இருந்தா குடுங்க" என்ற பதிவை மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

பேச்சு வார்த்தைக்கு நான் தயார். மோட்டார் பணத்தை முழுதாகக் கொடுங்கள். பேட்டரி என் வண்டியில்தான் இருக்கிறது, அதற்குப் பாதி கொடுத்தாலும் சரி. அந்தப் போன்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்பாவிடம் அல்ல. இவ்வளவும் 15 நாளுக்குள் நடந்தால் மற்றதை விட்டுவிடுகிறேன். நடக்காவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இனிமேல் பஸ் ஏறி வருவது உங்கள் முறை.

மோட்டார் உங்கள் அட்டைப்பெட்டியிலேயே, ஒரு கீறல் இல்லாமல், பீரோ மேல் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது பணத்தையும் கொடுத்தனுப்பவும். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மட்டும் வர வேண்டாம். அப்பா தூங்கும் நேரம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
நாமக்கல், ஜூலை 4