சீசன் மைதானத்து ராட்டினங்களும் ஒரு வளைந்த ஆணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவில் சித்திரைச் சீசனுக்கு அமைக்கப்படும் ராட்டினங்களை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மறுமொழியாக, வெளிநாடுகளில் உள்ளதைப் போன்ற இராட்சத ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கிரகரி வாவிக் கரையில் நிறுவினால் உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களையும் தங்கள் பத்திரிகையின் இப்பகுதியில் படித்தேன். இருவரும் நல்லெண்ணத்துடனேயே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் இருவருமே ராட்டினத்தை அதன் உயரத்தையும் வேகத்தையும் கொண்டே அளக்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் ரோலர் கோஸ்டரைத் தேடிப் போகும் பழக்கமுள்ளவன் (வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் பைத்தியம்) என்ற வகையில், அந்த அளவுகோலே பிழையானது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் அபுதாபியில் பதினொரு ஆண்டுகள் குளிரூட்டி இயந்திரங்கள் திருத்தும் வேலை பார்த்தவன். அங்குள்ள யாஸ் தீவில் 2010 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபெராரி வேர்ல்ட் பூங்காவில் ‘ஃபோர்முலா ரொஸ்ஸா’ என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து விமானத்தை உந்தி எறிவதைப் போல, ஏறத்தாழ ஐந்து வினாடிகளில் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்துக்கு அது ஆளைக் கொண்டு போய்விடும். காற்றும் மணலும் கண்ணில் அடிக்கும் என்பதால், ஏறும்போதே கண்ணாடி ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். முதல் முறை இறங்கியபோது என் கால்கள் நிலத்தில் நிலைகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் நன்றாகவே இருந்தது. மூன்றாம் முறை ஏறியபோதுதான், அந்த முதல் ஐந்து வினாடிகளிலேயே அது தன்னிடமுள்ளதையெல்லாம் கொடுத்துவிடுகிறது என்பதும், மீதித் தூரத்துக்குக் காற்றை எதிர்த்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்பதும் விளங்கின. நியூயோர்க்கின் கோனி தீவில் 1927 ஆம் ஆண்டு மரத் தண்டவாளத்துடன் கட்டப்பட்ட ‘சைக்ளோன்’ 26 மீற்றர் உயரந்தான். அது இன்றும் ஓடுகிறது. 2005 இல் 139 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பட்டு, உலகிலேயே உயரமானது என்ற பெயரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்த ‘கிங்டா கா’ 2024 இல் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வாவிக் கரையில் இராட்சத கோஸ்டர் கேட்கும் அன்பருக்கு இந்த இரண்டையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

உண்மையில் ரோலர் கோஸ்டர் மலைநாட்டு மக்களுக்கு அந்நியமான பொருள் அல்ல. லயத்துப் பிள்ளைகள் பழைய பெயாரிங்குகளைப் பலகையில் பூட்டி, தோட்டத்து ரோட்டின் மேட்டிலிருந்து கால்களால் பிரேக் பிடித்தபடி இறங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். ரோலர் கோஸ்டரும் அதே விளையாட்டுத்தான். சங்கிலி மேலே இழுத்துச் சென்று விட்டபின், பெரும்பாலானவற்றில் இயந்திரத்துக்கு வேலை இல்லை. இறக்கமே வண்டியை ஓட்டுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1827 இல் மலையிலிருந்து நிலக்கரி இறக்குவதற்குப் போடப்பட்ட தண்டவாளமொன்றில், பிற்காலத்தில் மக்கள் காசு கொடுத்து உல்லாசமாக இறங்கத் தொடங்கினார்கள். 1884 இல் லமார்க்கஸ் தொம்ஸன் என்பவர் கோனி தீவில் அமைத்த சவாரியும் இந்த வழியில் வந்ததே. அதன் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். நம் தோட்டங்களில் கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் கொக்கி போட்டு மலையுச்சியிலிருந்து இறக்கிய காலத்தில், அதில் ஒருமுறை தொங்கிப் பார்க்க ஆசைப்படாத பையன் இருந்திருக்க மாட்டான். கங்காணியின் பிரம்புக்குப் பயந்தே அந்த ஆசையை அடக்கிக்கொண்டோம்.

அந்தப் பலகை வண்டியையும் கோஸ்டரையும் பிரிப்பவை சில எளிய உறுப்புகள். கோஸ்டர் வண்டிக்குத் தண்டவாளத்தின் மேலே ஓடும் சில்லுகளுடன், பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் சில்லுகளும் அடியில் கவ்விப் பிடிக்கும் சில்லுகளும் உண்டு. அடிச் சில்லுகளுக்கு ஜோன் மில்லர் என்ற வடிவமைப்பாளர் 1919 இல் காப்புரிமை பெற்றார். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது இருக்கையை விட்டு உடல் எழும்பி அடிவயிறு கூசுகிறதே, அந்தக் கணத்தில் வண்டியும் தண்டவாளத்தை விட்டு எழும்பப் பார்க்கும். அதை விடாமல் பிடித்திருப்பவை இந்த அடிச் சில்லுகள். ஏற்றத்தில் ‘டக், டக்’ என்று கேட்கும் சத்தத்தைப் பலர் சங்கிலியின் ஓசை என்று நினைக்கிறார்கள். வண்டி பின்னோக்கி வழுகாதபடி பல்வரிசையில் ஒவ்வொன்றாக விழும் கொக்கியின் சத்தம் அது. சங்கிலி அறுந்தாலும் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். 2025 செப்டெம்பரில் மெல்சிரிபுரவில் உள்ள ஆரணிய மடமொன்றில், கம்பிவடத்தால் மலைமேல் இழுக்கப்பட்ட வண்டி வடம் அறுந்து கீழே பாய்ந்ததில் பிக்குகள் பலர் உயிரிழந்த செய்தியைப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ‘டக், டக்’ சத்தமே.

இவற்றையெல்லாம் விட நான் மதிப்பது, ஒரே தண்டவாளத்தில் பல வண்டிகளை மோதாமல் ஓட்டும் முறையை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. என் தந்தையார் மலையகப் பாதையில் ஒரு சிறிய புகையிரத நிலையத்தில் வேலை பார்த்தவர். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரே ஒரு தண்டவாளம். அந்தத் துண்டுக்குரிய அனுமதிச் சின்னமான டெப்லட் தன் கைக்கு வராமல் சாரதி வண்டியை நகர்த்த மாட்டார். மழைக்கோட்டு அணிந்தபடி மேடையோரத்தில் நின்று, பெரிய வளையத்தில் தோல் பைக்குள் கிடக்கும் அந்த உலோக வில்லையை, நகரும் எஞ்சினிலிருந்து தோளில் வாங்கி, அடுத்ததை நீட்டும் அப்பாவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வளையம் பட்டுத் தோள்பட்டை கன்றிப்போய் வந்தார். அம்மா எண்ணெய் தடவிவிட்டபோது, “டெப்லட் விழுந்திருந்தால்தான் கவலை” என்றார். ரோலர் கோஸ்டரின் பாதையும் இவ்வாறே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டில் ஒரு வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டியைக் கணினி உள்ளே விடாது. இங்கிலாந்தின் ஓல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2 ஆம் திகதி ‘ஸ்மைலர்’ என்ற கோஸ்டரில், ஆளில்லாத வண்டியொன்று பாதையில் நின்றுவிட்டிருந்ததால் கணினி பின்னால் வந்த வண்டியை மறித்தது. அது கணினியின் கோளாறு என்று எண்ணிய ஊழியர்கள், தடையை மீறி 16 பேர் இருந்த வண்டியை அனுப்பினார்கள். இளம் பெண்கள் இருவர் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 50 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. பொறி தன் கடமையைச் செய்தது. அதைத் தட்டிக் கழித்தவர்கள் மனிதர்கள்.

இனி நம் ஊர் விடயத்துக்கு வருகிறேன். ஊரின் பெயரையும் நடத்தியவர்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏனெனில் குறை ஒரு மைதானத்துக்கு மாத்திரம் உரியதல்ல. சீசன் காலத்து மாலை ஒன்றில், எட்டு வயதான என் தங்கை மகளை அழைத்துக்கொண்டு களியாட்ட மைதானத்துக்குப் போயிருந்தேன். சித்திரையில் பிற்பகலானால் இடியும் மழையும் வருவது இங்கு வழக்கம். அன்றும் கொட்டித் தீர்த்திருந்தது. சிறுவர்களுக்கான டிராகன் வண்டி, சேற்றில் செங்கற்களையும் பலகைத் துண்டுகளையும் அடுக்கி அவற்றின் மேல் நிறுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை வளைவில் திரும்பும்போதும் ஒரு பலகையின் ஓரத்திலிருந்து சேற்று நீர் பிதுங்கி வெளியே வந்ததைக் கண்டேன். மருமகளை உட்காரவைத்து, மடிக்கு மேல் விழும் கம்பியை அழுத்திப் பார்த்தேன். கம்பியைப் பூட்டும் இரும்புப் பின் இருக்க வேண்டிய துளையில், சுத்தியலால் அடித்து வளைக்கப்பட்ட மூன்று அங்குல ஆணி ஒன்று இருந்தது. துருவேறிய ஆணி, விரலால் சுழற்றினால் சுழன்றது. வண்டியை இயக்கிய பையனுக்குப் பதினேழு வயதுக்கு மேல் இருக்காது. அவனைக் கூப்பிட்டுக் காட்டியபோது, “ஐயா, நான் வந்த நாளிலிருந்து இதுதான் இருக்கிறது” என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பின்னால் வரிசையில் நின்ற தாய் ஒருவர், இடம் கிடைத்ததென்று தன் மகனை அதே இருக்கையில் ஏற்றினார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வண்டி நகர்ந்த பிறகே எனக்கு வாய் வந்தது. அன்று எவருக்கும் எதுவும் நேரவில்லை என்பதையும் இங்கு நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஃபோர்முலா ரொஸ்ஸாவில் 140 சென்ரிமீற்றர் உயரம் இல்லாதவரை அனுமதிக்க மாட்டார்கள். அழுதாலும் பயனில்லை. இருக்கையும் பூட்டும் எந்த உடலளவுக்குச் செய்யப்பட்டனவோ, அந்த உடலைத்தான் அவை காக்கும் என்பதே காரணம். நம் மைதானங்களில் பிள்ளையின் உயரத்தை அளக்கும் ஒரு கோலைக்கூட நான் கண்டதில்லை. அந்த டிராகன் வண்டி மணிக்கு இருபது கிலோமீற்றர் போயிருந்தாலே அதிகம். ஆனால் 240 கிலோமீற்றர் வேகத்தில் எனக்கு நேராத அச்சம் அன்று நேர்ந்தது. தடை கோரும் அன்பர் உயரமான ராட்டினங்களைச் சுட்டிக்காட்டுகிறார். நானோ அவர் கண்ணில் படாத சிறிய ராட்டினங்களையே சுட்டிக்காட்டுவேன்.

“இன்று பூட்டி நாளை கழற்றும் ராட்டினத்தில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்?” என்று சிலர் கேட்பதுண்டு. ஜேர்மனியில் அன்ரன் ஷ்வார்ஸ்கொப் 1989 இல் உருவாக்கிய ‘ஒலிம்பியா லூப்பிங்’ என்ற கோஸ்டரில் ஒலிம்பிக் வளையங்களைப் போல ஐந்து தலைகீழ் வளையங்கள் உள்ளன. அதைத் துண்டு துண்டாகக் கழற்றி லொறிகளில் ஏற்றி, ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குக் கொண்டு போகிறார்கள்; மூனிச் நகரின் ஒக்டோபர் திருவிழாவில் அதைப் பார்க்கலாம். அந்நாட்டில் இத்தகைய ராட்டினங்களுக்கு ஒரு பரிசோதனைப் புத்தகம் உண்டு. ராட்டினம் போகும் ஊருக்கெல்லாம் அந்தப் புத்தகமும் போக வேண்டும். பரிசோதகர் கண்டதெல்லாம் அதில் பதிவாகும். ஆகவே, கழற்றிப் பூட்டுவது ஒரு சாட்டாகாது.

இராட்சத கோஸ்டர் கேட்கும் அன்பருக்கும் ஒரு வார்த்தை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் மழையில் சரிந்த மண்ணுக்கு மலையகம் எத்தனை உயிர்களைக் கொடுத்தது என்பதை நாம் மறக்கவில்லை. இந்தச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான தொன் இரும்பை நிறுத்த முற்படுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். மலைக்குப் பொருத்தமான சவாரி வேறொன்று இருக்கிறது. ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் மலைச்சரிவை ஒட்டி, நிலத்திலிருந்து ஓரிரு மீற்றர் உயரத்தில் குழாய்த் தண்டவாளம் போட்டு, ஒருவரோ இருவரோ அமரும் சிறிய வண்டிகளை விடுகிறார்கள். பக்கத்தில் இரண்டு கைப்பிடிகள். முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றர் அளவோடு கட்டுப்படுத்தப்படும். வியட்நாமின் மலைநகரான டா லாட்டில், டதன்லா நீர்வீழ்ச்சிக்கு இறங்க இத்தகைய சவாரியொன்று இருக்கிறது. அந்த நகரம் நுவரெலியாவைப் போலவே ஐரோப்பியர் குளிருக்காகத் தேடிப் பிடித்து அமைத்த ஊர். பைன் மரமும் மூடுபனியுங்கூட ஒன்றுதான். வெட்டும் மண்ணும் குறைவு, மறையும் காட்சியும் குறைவு. எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதை ஏறியவரே தன் கையால் தீர்மானித்துக்கொள்ளலாம் என்பது என்னைப் போன்ற பைத்தியங்களுக்குப் பெரிய கவர்ச்சி. ஆனாலும் அதற்கு இடம் தேடுவது பிறகு பார்க்க வேண்டிய காரியம்.

இப்போது செய்ய வேண்டியது செலவு குறைந்தது. மைதானத்தை வாடகைக்குக் கொடுத்துக் களியாட்ட வரியும் அறவிடும் உள்ளூராட்சி மன்றங்கள், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, பொறியியலாளர் ஒருவரை ஒவ்வொரு ராட்டினத்தின் அடியிலும் குனிந்து பார்க்கச் செய்ய வேண்டும். அவர் கையெழுத்திட்ட தாள், நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும். மழை பெய்து நிலம் இளகினால், அடுக்கிய பலகைகளை மீண்டும் பார்க்கும்வரை ராட்டினம் ஓடக்கூடாது. நாள்தோறும் முதல் சுற்று ஆளில்லாமல் ஓட வேண்டும். பெரிய பூங்காக்களில் காலையில் நடப்பது அதுதான். இயக்கும் பையனுக்கு, நிறுத்தும் பொத்தானை எவரையும் கேளாமல் அழுத்தும் உரிமையும், அப்படி அழுத்தியதற்காகச் சம்பளம் வெட்டப்படாது என்ற உறுதியும் வேண்டும். வரிசையில் நிற்கும் பெற்றோரும், பிள்ளையை ஏற்றுமுன் அந்தக் கம்பியை ஒருமுறை அசைத்துப் பார்க்கலாம்.

வரும் சித்திரையில், மைதானம் திறக்குமுன் காலை வேளையில், பொறுப்பான அதிகாரிகள் விரும்பினால் அவர்களுடன் ஒரு சுற்று நடந்து வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். டோர்ச்சும் ஸ்பெனரும் நானே கொண்டு வருவேன். சரியான அளவில் பத்துப் பன்னிரண்டு பின்களும்.

இங்ஙனம்,
ரோலர் கோஸ்டர் ஆர்வலர் ஒருவர்,
அட்டன்.