நம்ம கன்ட்ரி மியூசிக் கிளப் கமிட்டிக்கு: அந்தப் பொண்ண திரும்ப மேடையேத்துங்க

கமிட்டில இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நீங்க எல்லா மெம்பருக்கும் அனுப்புன சர்க்குலர நாலஞ்சு தடவ படிச்சிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து வாக்-அப் (பேரக் குடுத்துட்டு மேடையேறி பாடறது) பாட வர்றவங்க "உண்மையான கன்ட்ரி" பாட்டு மட்டும்தான் பாடணும், பாட்டு பேர முன்னாடியே குடுக்கணும், எது கன்ட்ரி எது இல்லன்னு கமிட்டி சொல்லும்னு போட்டிருக்கீங்க. இதுக்கு பதில் எழுதாம இருக்க முடியல. இத தமிழ்ல எழுதறேன், ஏன்னா மனசுல இருக்கிறது எனக்கு தமிழ்லதான் முழுசா வரும், என் பொண்ணு இங்கிலீஷ்ல மாத்தித் தர்றேன்னு சொல்லிருக்கா, அத மீட்டிங்ல குடுத்துடறேன். ஆஸ்திரேலியாவுல சின்ன சின்ன ஊர்கள்ல வேல பாக்குற நம்ம தமிழ் ஆளுங்களும் படிக்கட்டும்னுதான் பொதுவுல போடறேன். தெரியாதவங்களுக்கு, கன்ட்ரிங்கறது அமெரிக்க கிராமத்துப் பக்கம் வளந்த பாட்டு வகை. ஊர் பேரு, கிளப் பேரு, யார் பேரும் இங்க போடல, உங்களுக்கு தெரியும், அது போதும்.

நான் எப்படி கிளப்புக்கு வந்தேன்னு உங்கள்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருக்காது. நான் வேல பாக்குற முதியோர் ஹோம்ல ஒரு பெரியவர் இருந்தாரு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கிளப் டேக்கு போறதுதான் அவருக்கு உலகமே, கூட்டிட்டுப் போக ஆள் இல்ல, லீவு நாள்ல நான் கூட்டிட்டு வர ஆரம்பிச்சேன். மொத நாள் ஹால்ல பின்னாடி உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தப்போ ஒருத்தர் ஜாய் மெக்கீன் எழுதி, ஆஸ்திரேலியாவோட பெரிய கன்ட்ரி பாடகர் ஸ்லிம் டஸ்டி பாடின அந்த லாரி டிரைவர் பாட்ட பாடினாரு, ராத்திரி மலை ரோட்டுல எதிர்ல வர்ற லைட்டு கண்ணுல அடிச்சு வண்டியோட போற டிரைவரோட கத. எங்கப்பா நாமக்கல்ல லாரி ஓட்டினவரு. அவரு லோடு ஏத்திட்டு நாக்பூர் போனா திரும்பி வர்ற வரைக்கும் எங்கம்மா ராத்திரி சரியா தூங்கமாட்டாங்க. பாட்டோட இங்கிலீஷ் எனக்கு அன்னிக்கு பாதிதான் புரிஞ்சுது, ஆனா அழுதுட்டேன். பக்கத்துல இருந்த அம்மா ஒண்ணுமே கேக்காம ஒரு லாமிங்டன் கேக்க எடுத்து என் தட்டுல வச்சாங்க. அந்தப் பெரியவர் போயி சேந்து 9 வருஷம் ஆச்சு, நான் இன்னும் வந்துட்டுதான் இருக்கேன்.

இப்போ போன கிளப் டேல நடந்தத சொல்றேன், ஏன்னா சர்க்குலர்ல அத ஒரு வரில "பொருத்தமில்லாத நிகழ்ச்சி"ன்னு எழுதிட்டீங்க. 16 வயசுப் பொண்ணு, அவங்க வீட்டுல பால்மாட்டுப் பண்ணை, இந்த வருஷம் மாட்ட எல்லாம் வித்துட்டாங்க. அவளே எழுதின பாட்டு. நம்ம டிரம்மர் அன்னிக்கு உடம்பு சரியில்லாம வரல, அதனால போன்ல ஒரு பீட்ட போட்டுட்டு கிட்டார் வாசிச்சா. மொத சரணத்துல பால் டேங்கர் கடைசியா வந்துட்டுப் போன டயர் தடம் சேத்துல காஞ்சு கிடக்குறத பாடுறா. ரெண்டாவதுல, காலைல 4 மணிக்கு பழக்கதோஷத்துல நாய் போயி கறவைக் கொட்டாய் வாசல்ல நிக்குது, அப்பாவும் போயி நாய் பக்கத்துல நிக்கிறாரு, ரெண்டு பேருக்கும் செய்ய ஒரு வேலையும் இல்ல. அதுக்கப்புறம் ஒரு சரணத்த பாடாம பேசினா, அப்பா பேசுற மாதிரியே மெதுவா. அந்த எடத்துலதான் சவுண்ட் பாத்துட்டு இருந்தவருக்கு யாரோ கை காட்டி மைக்க இறக்கச் சொன்னீங்க. "இது ராப், கன்ட்ரி இல்ல"ன்னு சொன்னது மூணாவது வரிசைல இருந்த எனக்கே கேட்டுச்சு, அவளுக்கு கேக்காம இருந்திருக்குமா? பாதில நிறுத்திட்டு கிட்டார பெட்டில வச்சு மூடினா, டீ கூட குடிக்காம போயிட்டா. அவ அப்பா கார்லயே உக்காந்திருந்தாரு, உள்ளயே வரல.

பாடாம பேசுறது கன்ட்ரி இல்லன்னு யாரு சொன்னது? அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பேச்சு மாதிரியே ரெக்கார்ட் பண்ணி, அதுக்குன்னு லூக் த ட்ரிஃப்டர்னு தனி பேரே வச்சுக்கிட்டவரு. ஸ்லிம் டஸ்டியும் கவிதைய இசைக்கு மேல பேசி பதிவு பண்ணிருக்காரு. நம்ம கிளப்லயே வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கிளப் டேல ஒருத்தர் புஷ் கவிதை (ஆஸ்திரேலிய நாட்டுப்புறக் கவிதை) சொல்லுவாரு, பின்னாடி கிட்டார் மெதுவா போகும், எல்லாரும் கை தட்டுவோம். அத செய்றது 70 வயசுக்காரர்னா பாரம்பரியம், 16 வயசுப் பொண்ணுன்னா ராப்பா?

அடுத்தது அந்த போன் பீட்டு. அமெரிக்காவுல நாஷ்வில்ல இருக்கிற கிராண்ட் ஓல் ஓப்ரிங்கற கன்ட்ரி மேடைன்னா கோயில் மாதிரி, 1925-ல ரேடியோல ஆரம்பிச்சது, அங்க ரொம்ப வருஷத்துக்கு டிரம்ஸையே மேடைல விடமாட்டாங்க, அது கன்ட்ரிக்கு ஆகாதுன்னு. பாப் வில்ஸ்னு ஒரு பேண்ட் லீடர் 1944-ல அங்க வாசிக்க வந்தப்போ டிரம்மரோட வந்து நின்னதுதான் பெரிய பிரச்சனையாச்சு. இன்னிக்கு டிரம்மர் வரலன்னா, பாடறவங்களுக்கு பின்னாடி வாசிக்கிற நம்ம பேக்கிங் பேண்டே தடுமாறுது.

பேக்கிங் பேண்டுனு சொன்னதும் நம்ம ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர் ஞாபகம் வருது. அவரு பெடல மிதிச்சு அந்தக் கம்பிய இழுக்குறப்போ ஹால் முழுக்க ஒரு அழுக மாதிரி பரவும்ல, இதுதான்டா கன்ட்ரின்னு எல்லாரும் தலையாட்டுவோம். கம்பி மேல இரும்ப வச்சு தேய்க்கிற அந்த வாசிப்பு ஹவாய் தீவுல பொறந்தது, ஜோசப் கெகுகுன்னு ஒரு ஹவாய்க்காரர் 19-ஆம் நூற்றாண்டு கடைசில கண்டுபிடிச்சதா சொல்லுவாங்க. பாஞ்சோ ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்ட ஜனங்களோட வாத்தியம். குரல ஏத்தி எறக்கிப் பாடற யோடல் ஆல்ப்ஸ் மலைக்காரங்களோடது. ஃபிடில், அதாவது வயலின், ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்துல இருந்து கப்பல்ல வந்தது. கார்ட்டர் ஃபேமிலியும் ஜிம்மி ராட்ஜர்ஸும் மொத மொதலா 1927-ல அமெரிக்காவுல இருக்கிற பிரிஸ்டல்ல ரெக்கார்ட் பண்ணாங்க, அதத்தான் கன்ட்ரி பொறந்த எடம்னு சொல்றோம், சரி, ஆனா அந்த கார்ட்டர் ஃபேமிலியோட ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊரா பாட்டு தேடிப் போனப்போ கூடப் போயி மெட்ட எல்லாம் மனசுல பதிச்சுக்கிட்டு வந்தது லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பின கிட்டார் கலைஞர். ஹேங்க் வில்லியம்ஸுக்கு சின்ன வயசுல கத்துக்குடுத்தது ரூஃபஸ் பெய்ன்னு தெருவுல வாசிச்சிட்டு இருந்த ஒரு கறுப்பினத்தவர். வெளில இருந்து வந்தத எல்லாம் எடுத்துட்டா அந்த மேடைல மிச்சம் இருக்கிறது வெறும் நாற்காலிதான்.

இன்னொன்னு சொல்றேன், இது நம்ம மெல்போர்ன் சம்பந்தப்பட்டது. 1974-ல நாஷ்வில்ல சி.எம்.ஏ. (கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன்) விருதுல வருஷத்தோட சிறந்த பாடகின்னு ஒலிவியா நியூட்டன்-ஜானுக்கு குடுத்தாங்க. மெல்போர்ன்ல வளந்த பொண்ணு. உடனே அங்க பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கொதிச்சுப்போயி, ஜார்ஜ் ஜோன்ஸ்-டாமி வைனெட்ங்கற பாடகர் தம்பதி வீட்டுல கூடி, இது கன்ட்ரியே இல்ல, பாப்னு சொல்லி தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் ஜான் டென்வர்ங்கற பாடகருக்கு அதே சி.எம்.ஏ.வோட பெரிய விருது போனப்போ அத அறிவிக்க வந்த பாடகர் சார்லி ரிச் மேடைலயே லைட்டர எடுத்து அந்த சீட்ட கொளுத்திட்டாரு. இன்னிக்கு நம்ம கிளப்ல ஜான் டென்வர் பாட்டு இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமைய காட்டுங்க. ஹாலே சேந்து பாடுது. அன்னிக்கு இது கன்ட்ரியே இல்லன்னு கொதிச்சவங்க சொன்னத நாம கேட்டிருந்தா அந்தப் பாட்டு இந்த ஹாலுக்குள்ள வந்திருக்கவே வந்திருக்காது. 2019-லயும் இதே கததான், லில் நாஸ் எக்ஸ்னு ஒரு கறுப்பினப் பையனோட குதிரைப் பாட்ட ("ஓல்ட் டவுன் ரோடு") அமெரிக்காவோட ஹிட் பாட்டு லிஸ்ட் போடற பில்போர்டு தன்னோட கன்ட்ரி லிஸ்டுல இருந்து எடுத்தாங்க, அது மெயின் லிஸ்டுல 19 வாரம் மொத எடத்துல உக்காந்துச்சு.

நம்ம நாட்டுக் கதையும் வேற மாதிரி இல்லயே. 1936-ல சிட்னில மொத ரெக்கார்டு போட்ட டெக்ஸ் மார்ட்டன் நியூசிலாந்து நெல்சன்காரர், அமெரிக்காக்காரங்க மாதிரி பேரு, அமெரிக்காக்காரங்க மாதிரி யோடல். கெம்ப்சி பக்கம் "நல்லா நல்லா க்ரீக்"ங்கற எடத்துல ஒரு பால்மாட்டுப் பண்ணைப் பையன் அத எல்லாம் கேட்டுக்கேட்டு, 10 வயசுல மொத பாட்ட எழுதினான், அது ஒரு கவ்பாய் பாட்டு, அடுத்த வருஷம் ஸ்லிம் டஸ்டின்னு தனக்குத் தானே பேரு வச்சுக்கிட்டான். அதுக்கப்புறம்தான் மெதுமெதுவா நம்ம ஊர் ரோடு, நம்ம ஊர் புழுதி, நம்ம ஊர் லாரி எல்லாம் அவரு பாட்டுக்குள்ள வந்துச்சு. அந்தப் பால்மாட்டுப் பண்ணைப் பையன் பத்து வயசுல எழுதின பாட்ட ஒரு கமிட்டி உக்காந்து பாத்திருந்தா என்ன சொல்லிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஜிம்மி லிட்டில், ரோஜர் நாக்ஸ், டிராய் காசர்-டேலின்னு இந்த மண்ணோட பூர்வகுடிக் கலைஞர்கள் எல்லாம் இத தங்களோட பாட்டா எடுத்துக்கிட்டது எதனால? அவங்க கதைய சொல்ல அதுல எடம் இருந்துச்சு.

அப்போ எத வேணாலும் கன்ட்ரின்னு சொல்லிக்கலாமான்னு கேப்பீங்க. சத்தியமா இல்ல. ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்து பழைய டிஸ்கோ பாட்டுக்கு கரோக்கி டிராக் போட்டு ஆடினாரு, பேண்ட் கைய கட்டிட்டு நின்னுச்சு, எனக்கும் பிடிக்கல, அத நிறுத்தணும்னு நீங்க நெனச்சா நான் உங்க பக்கம். தொப்பியும் பூட்ஸும் போட்டுட்டு பிக்கப் டிரக், பீருன்னு எங்கயோ எழுதின வரிய பாடறதும் எனக்கு கன்ட்ரியா படல, அது நாஷ்வில்ல இருந்தே வந்தாலும் சரி. என் கணக்கு சிம்பிள். வார்த்த தெளிவா காதுல விழணும். பாட்டுல ஒரு ஆளு இருக்கணும், அவனுக்கு ஒரு எடம், ஒரு பொழப்பு இருக்கணும். அப்புறம் நம்ம பேண்ட் அந்தப் பாட்ட முன்னப்பின்ன கேக்காட்டியும், கீ என்னன்னு மட்டும் சொன்னா ரெண்டாவது சரணத்துல வந்து சேந்துக்கணும். ஹார்லன் ஹோவர்டுங்கற பாட்டு எழுதறவர் சொன்னதா எல்லாரும் சொல்ற "மூணு கார்டும் (கிட்டார்ல சுரங்கள சேத்து வாசிக்கிற chord) உண்மையும்"ங்கறது இதத்தான்னு நான் புரிஞ்சுக்கிறேன். அந்தப் பொண்ணு பாட்டுல மூணே கார்டு. நம்ம ஸ்டீல்காரர் ரெண்டாவது சரணத்துலயே காலத் தூக்கி பெடல்ல வச்சுட்டாரு, நான் பாத்தேன். அவரு சேர்றதுக்குள்ள மைக்க இறக்கிட்டீங்க.

உங்க பயம் எனக்கு புரியாம இல்ல. நான் வந்தப்போ 90 பேர் இருப்போம், இப்போ 40 கூட தேறல, போன வருஷம் மட்டும் 6 பேர் இறந்துட்டாங்க. ஹால் வாடகை ஏறிடுச்சு, மீட் ட்ரே ராஃபிள் (கறித் தட்டு பரிசுக் குலுக்கல்) காசுலதான் வண்டி ஓடுது. இவ்வளவு வருஷமா தூக்கிச் சுமந்தது கைய விட்டுப் போயிடுமோன்னு நெனச்சு கதவ இறுக்கி மூடறீங்க. செகரெட்டரி அம்மா, நீங்க ஒவ்வொரு தடவையும் காலைல 8 மணிக்கே வந்து தனியா நாற்காலி போடறத நான் பாத்திருக்கேன், அதனாலதான் இத கோவமா எழுதல. ஆனா உள்ள இருக்கிறவங்களுக்கு வயசாயிட்டே போகுது, கதவுக்கு வெளில நிக்கிறது அந்தப் பொண்ணு. நம்ம கிட்ட வருஷம் பூரா வாக்-அப் பாட வந்த 20 வயசுக்குக் கீழ உள்ள ஒரே ஆளு அவதான். ஜனவரில டாம்வர்த் ஊர்ல நடக்கிற கன்ட்ரி ஃபெஸ்டிவல்ல பீல் ஸ்ட்ரீட்ல போயி நின்னு பாருங்க, வெயில்ல ரோட்டோரமா பத்து வயசுப் புள்ளைங்க ஆம்ப்ளிஃபயர வச்சுக்கிட்டு பாடிட்டு இருக்கும், அதுங்க எல்லாம் ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு கிளப் ஹால்ல, பேண்ட் கூட தப்பும் தவறுமா பாடிப் பழகினதுங்க. கிளப்ன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத்தான?

அதனால கேக்கறேன், அந்த சர்க்குலர திரும்ப வாங்குங்க. ரூல் வேணும்னா ஒண்ணே ஒண்ணு வைங்க, ரெக்கார்டு டிராக் வேணாம், பேண்ட் கூடதான் பாடணும்னு. பேண்டால கூட வர முடியாதது தானா நின்னுடும், கமிட்டி நீதிபதியா உக்கார வேண்டாம். சொந்தப் பாட்டு பாடறவங்கள, பாடறதுக்கு முன்னாடி அது யாரோட கதன்னு ரெண்டு வரி சொல்லச் சொல்லுங்க, நம்ம பெரியவங்க காது குடுத்துக் கேப்பாங்க, அவங்களுக்கும் மாடு வித்த கத தெரியும், நம்ம மெம்பர்ஸ்ல பாதிப் பேரு பண்ணையில இருந்தவங்கதான். அப்புறம் யாராவது ஒருத்தர் அந்த வீட்டுக்கு நேர்ல போயி சாரி சொல்லணும். போன்ல வேணாம், நேர்ல. துணைக்கு வரச் சொன்னா நான் வர்றேன்.

அடுத்த கிளப் டேல வாக்-அப் போர்டுல நாலாவதா என் பேரு இருக்கு. அத அழிச்சிட்டு அவ பேர எழுதுங்க, நான் டீ பாய்லர பாத்துக்கறேன். பாட்டு ஜி கீ, வால்ட்ஸ். டிரம்மர் வந்துடுவாருன்னு அவரே சொல்லிட்டாரு. ஸ்டீல்காரர் கிட்டயும் பேசிட்டேன், இந்தத் தடவ மொத சரணத்துலயே சேந்துக்கறேங்கறாரு.

இப்படிக்கு,
உங்க கிளப் மெம்பர், 11 வருஷமா