மனநல நகைச்சுவை நாடகம்: யாரைப் பார்த்துச் சிரிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப நகைச்சுவை என்றால் மாமியார் மருமகள் சண்டை என்பதோடு நில்லாமல், பெண்களின் மனச்சோர்வையும் கதைக்குள் கொண்டுவர நாடகக் குழுக்கள் முன்வருவது நல்ல சேதி. ஆனால் பழைய சிரிப்புச் சரக்கை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசிக் காட்சியில் ஒரு டாக்டரை நுழைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கோலாலம்பூரில் மேடை வேலையிலும் மனநல ஆலோசனையிலும் இருக்கும் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: சோர்ந்து கிடப்பவளை வைத்துச் சிரிப்புக் காட்டாதீர்கள், அவளைச் சுற்றியிருக்கும் வீட்டை வைத்துக் காட்டுங்கள். அந்த வீட்டில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

ஓர் உதாரணம். பிரசவமான வீட்டுக்குக் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி (தாதி) வருகிறார். தாயின் மனநிலையை அறிய எடின்பரோ வினாத்தாள் என்று ஒன்று உண்டு. கடந்த 7 நாள்களைப் பற்றிய 10 கேள்விகள், மொத்தம் 30 புள்ளிகள். தாய் யாரிடமும் கலந்து பேசாமல் தானே நிரப்ப வேண்டும் என்பது அதன் விதி. மேடையில் என்ன நடக்கும்? மிஸ்ஸி கேட்கக் கேட்க மாமியாரே பதில் சொல்லுவார். “தூக்கமா? நல்லா தூங்குறா மிஸ்ஸி, புள்ள அழுதாக்கூட எழுந்திரிக்கிறதில்ல.” கணவன் குறுக்கே வருவான்: “அவளுக்கு என்னங்க குறை? ஏர்கோன் இருக்கு, ஆஸ்ட்ரோ இருக்கு.” பத்தியச் சாப்பாட்டை வைத்து மாமியாருக்கும் சம்பந்தியம்மாவுக்கும் தனியே ஒரு போர் ஓடும். பேனா கடைசிவரை மருமகள் கைக்கு வராது. அரங்கம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஒரு சிரிப்புகூட அவள்மேல் விழாது.

பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மார்களுக்கு இயல்பு. 2 வாரத்துக்குள் அது தணிந்துவிடும். அதையும் தாண்டி நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், கவனிக்க வேண்டும். குழந்தைக்கு எத்தனை நாள் என்பதை வசனத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் பார்வையாளர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்.

அடுத்து நேரக் கணக்கு. ஒத்திகையில் யாரும் சிரிப்பதில்லை, அதனால் இந்தப் பிழை மேடையேறும் நாளில்தான் தெரியவரும். பெரிய சிரிப்பு எழுந்ததும் அடுத்த நொடியே மருமகள் “எனக்குச் செத்துப்போயிடலாம்னு இருக்கு” என்றால், அதற்கும் சேர்த்து அரங்கம் சிரிக்கும். பார்வையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை, சிரிப்பு அடங்க நேரம் தரவில்லை. இடையில் பேச்சில்லாத ஒரு செய்கை வேண்டும்: துணி மடிப்பது, ஆறிப்போன மைலோவை எடுத்துக்கொண்டு போவது. 5 நொடி போதும். அந்த இடத்தில் நீல விளக்கும் புல்லாங்குழலும் வேண்டவே வேண்டாம். இது அழவேண்டிய இடம் என்று அறிவித்துவிட்டால் கூட்டம் கைத்தொலைபேசியை எடுத்துவிடும்.

சோர்வைக் காட்ட நடிகை குரலைத் தாழ்த்துகிறார், பின்வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை. குரலைக் குறைக்காமல் வேகத்தைக் குறைக்கலாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே 3 நொடி விட்டாலே போதும். தலைவிரி கோலம், வெறித்த பார்வை எல்லாம் தேவையில்லை. அரைக்காமல் விட்ட மாவும் மடிக்காத துணிக் குவியலும் அதைச் சொல்லிவிடும்.

சிலவற்றை மட்டும் அடியோடு வெட்டிவிட வேண்டும். “தஞ்சோங் ரம்புத்தானுக்கு டிக்கெட் போடு” என்ற வசனம் அதில் முதலாவது. 1911இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனையின் பேரைச் சொல்லிச் சொல்லியே பக்கத்துக் கிளினிக்குக்குப் போகவும் ஆள்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். இரண்டாவது, காரியம் சாதிக்க மாமியார் சேலையைத் தூக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கும் காட்சி. நிஜத்தில் ஒருத்தி வாய்திறந்து சொல்லும்போது “சும்மா மிரட்டுறா” என்று வீடே ஒதுக்கிவிடுவதற்கு இந்தச் சிரிப்புதான் பழக்கியிருக்கிறது. “தப்பிச்சா போலீஸ் பிடிச்சிக்கிட்டுப் போயிடும்” என்ற வசனமும் காலாவதி. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டம் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.

டாக்டர் காட்சிக்கு வருவோம். ஓர் ஊசி, ஓர் அறிவுரை, உடனே புன்னகை! மனச்சோர்வு மாத்திரை பலன் காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலருக்குக் குமட்டல்தான் முந்திக்கொண்டு வரும். மேடையில் ஒரே இரவில் குணமானால், அதைப் பார்த்தவர் ஐந்தாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போடுவார். குணமானதாகத் தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வதே வழக்கம். இதையும் சிரிப்பாக்கலாம்: நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டே “நாலு நாளாச்சு, இன்னும் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கலையே” என்று மாமியார் நிற்கட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்), அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்தால் காட்சி கெட்டுவிடாது.

தேசிய சுகாதார ஆய்வு 2023இன்படி 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 500 இருக்கை நிரம்பினால், கணக்குப்படி 23 பேர். ஆகவே உதவி எண்களை இடைவேளைக்கு முன்பே அறிவியுங்கள். முடிவில் எல்லாரும் கார் எடுக்க ஓடுவார்கள். நுழைவுச் சீட்டின் பின்புறம் அச்சிட்டால் இன்னும் நல்லது, கைப்பையில் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555. தமிழ் பேசும் தொண்டூழியர் எந்நேரம் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை 3 மணிக்கு ஒரு காட்சி வையுங்கள். கைக்குழந்தைக்காரியால் இரவு 8.30 காட்சிக்கு வர முடியாது, மாமியார் மட்டும்தான் வருவார்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். நாடக விமர்சனத்தில் “வயிறு குலுங்கச் சிரித்தனர்” என்பதோடு நிறுத்தாமல், எந்த வசனத்துக்குச் சிரித்தார்கள் என்று உங்கள் நிருபர்கள் எழுதினால், அடுத்த காட்சிக்கு முன் எதை வெட்டுவது என்று குழுவினருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நாடகக் கலைஞர்களும் மனநல ஆலோசகர்களும் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்