பலகை எரிந்துவிட்டது என்று முடிவெடுக்க முன்னர்

கிளிநொச்சி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு வாங்கிய மடிக்கணனியில், நிரல் ஏற்றிக் கருவிகள் செய்யப் பாவிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு பலகை வேலை செய்யவில்லை என்று அண்மையில் பலர் வந்தீர்கள். ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு மாணவி, வயலில் மண்ணின் ஈரம் அளக்கும் கருவி செய்கிறவர், இரண்டு பஸ் மாறி வந்து, "அண்ணா, பலகை எரிஞ்சு போச்சு, புதுசு ஒன்று தாங்கோ" என்றார். பலகையில் ஒரு குறையும் இல்லை. அனுமதிதான் இல்லை. விற்கும்போதே நாங்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

ஸ்னாப், பிளாட்பாக் என்ற நிறுவும் முறைகள் வழியாக வரும் மென்பொருள்கள் தனி அறைக்குள் அடைத்து வைத்தது போலத்தான் ஓடும். கெட்ட நிரல் ஒன்று உங்கள் கோப்புகளிலும் கருவிகளிலும் கை வைக்காமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அது நல்லது என்பதால்தான் அப்படியே நிறுவித் தருகிறோம். ஆனால் யூஎஸ்பியில் கொழுவும் கருவியை அடைய, படலையும் திறந்திருக்க வேண்டும், வீட்டுக் கதவும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டுத்தான் பலர் மினக்கெடுகிறார்கள்.

முதலில் வயரைப் பாருங்கள். போன் சார்ஜ் போடும் வயர்கள் சிலவற்றில் மின்சாரம் மட்டுமே போகும், தரவு போகாது. கொழுவிய கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையின் பட்டியலில் கருவி வராவிட்டால் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும். வந்தால் கருவி உயிரோடுதான் இருக்கிறது.

படலை என்றது லினக்ஸின் சொந்த அனுமதி. ஆர்டுயினோ போன்றவற்றுக்கு உங்கள் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். சேர்த்த பிறகு டெர்மினலை, அதாவது கட்டளை எழுதும் சாளரத்தை, மூடித் திறந்தால் போதாது. கணக்கிலிருந்து முழுவதுமாக வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

கதவு என்றது அந்த அறையின் அனுமதி. ஸ்னாப் என்றால் 'ரோ-யூஎஸ்பி' என்ற இணைப்பு தானாகக் கிடைக்காது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். குரோமியம் உலாவியிலிருந்து மைக்ரோபிட் என்ற சிறு பலகைக்கு நிரல் ஏற்றும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், உபுண்டுவில் குரோமியம் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. பிளாட்பாக் என்றால் பிளாட்சீல் என்ற சிறு மென்பொருளில் எல்லாக் கருவிகளுக்குமான ஆளியைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் சரி. பென்டிரைவ் தெரியாததற்கு வேறு அனுமதி. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கருவி கொழுவும்போது அதன் அனுமதியைத் தீர்மானிக்கும் யூடெவ் விதியைத் தாங்களே எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். கணனியில் நுழைந்திருப்பவருக்கு அனுமதி தரும் 'யூஆக்செஸ்' குறியைப் போடுவதென்றால் விதிக் கோப்பின் பெயரில் முதலில் வரும் இலக்கம் 73க்குக் கீழே இருக்கட்டும். 99 என்று தொடங்கினால் விதி சரியாக இருந்தும் பலன் இராது.

அப்புறம், உபுண்டு 22.04 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். மலிவான ஆர்டுயினோ பலகைகளில் சிஎச்340 என்ற சில்லு இருக்கும். பார்வையற்றோரின் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிவை என்ற மென்பொருள், ஒரே அடையாள எண் என்பதால் அந்தப் பலகையைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. கொழுவியதும் ஒரு கணம் தெரிந்து மறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதை நீக்கினால் தீரும். ஆனால் வீட்டில் யாராவது பிரெய்ல் கருவி பாவித்தால் நீக்க வேண்டாம், எங்களிடம் கொண்டுவாருங்கள், அந்த ஒரு விதியை மட்டும் நிறுத்தித் தருகிறோம்.

எவரோ சொன்னார் என்று எல்லாவற்றையும் முழு அதிகாரம் கொடுக்கும் 'சூடோ' போட்டு ஓட்டாதீர்கள். கருவிக் கோப்புக்கு 666 என்று, அதாவது எல்லோருக்கும், அனுமதி கொடுப்பதும் கழற்றிக் கொழுவியவுடன் போய்விடும்.

கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்து கடையில் வைத்திருக்கிறோம், இலவசம். தூர இடத்தவர்கள் கேட்டால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவோம். அப்படியும் சரிவராமல் நேரில் வருவதென்றால், மடிக்கணனியோடு பலகையையும் நீங்கள் பாவிக்கும் அதே வயரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கண்டி வீதி கணனிக் கடையார்